நோம்புச் சலுகை

"எல்லாருக்கும் நோம்பு முடிஞ்சு பெருநாளும் கழிஞ்சுல்லா உம்மா? பின்ன உங்க கடைக்கு மட்டும் ஏன் இன்னும் முடியல?"

ஏழு வயது ஜுஹைனா பள்ளிக்கூடம் விட்டு வந்து, அந்த நேரத்தில் வீட்டில் இருக்கக்கூடாத உம்மாவை வாசலில் கண்டபோது கேட்ட கேள்வி இது. ஜொஹரா பேகத்துக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு குழு அமைக்கப்பட்டது, மூன்று அமர்வுகள் நடந்தன, நாற்பத்தொரு பக்க அறிக்கை வந்தது என்பதெல்லாம் பிறகு நடந்த கதை.

ஜொஹராவின் வீடு தேங்காய்ப்பட்டணத்தில். கருங்கல் ஊரில் உள்ள சுவர்ணதீபம் சூப்பர் மார்க்கெட்டில் ஆறு வருடமாகப் பருப்பு பேக்கிங் வேலை பார்க்கிறாள். நிறுத்து, பாக்கெட்டில் அடைத்து, சூடு வைத்து வாயை ஒட்டி, விலைச்சீட்டு ஒட்டவேண்டும். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. கம்பெனி மணிக்கணக்கில்தான் சம்பளம் கொடுக்கும். கணவன் மீரா முகைதீன் சவூதி தம்மாமில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு பழுதாகி ஊர் திரும்பிய நாள் முதல், அந்த ஒன்பது மணி நேரத்தில்தான் வீடு நின்றுகொண்டிருந்தது. கடைக்கு வருமுன் அவள் ஊரிலேயே இறால் உரிக்கும் ஷெட்டில் இருந்தாள். ஐஸ் தண்ணீரில் கை ஊறி, நகக்கண் எல்லாம் சீழ் பிடித்து, "இனி இந்தக் கையை அந்தத் தண்ணியில வச்சா விரல் இருக்காது" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பருப்புக்கு வந்தாள்.

மேலாளர் குமாரதாஸ் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருப்பதற்குத் தலைமை அலுவலகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அது வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பவர். ரம்ஜானுக்குச் சில நாட்கள் முன்பு அவருக்கு நாகர்கோவில் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஊழியர்களின் வேலை மணிகளைக் குறைக்க வேண்டும் என்றது ஒன்று. மத நல்லிணக்க மாதம் கொண்டாட வேண்டும் என்றது மற்றொன்று. இரண்டு கடிதத்துக்கும் ஒரே காரியத்தால் பதில் சொன்ன திறமைக்காக அவர் பின்னால் பாராட்டப்பட்டார்.

"வெறும் வயித்தோட ஒன்ன ஒம்பது மணி நேரம் நிக்க வைக்க எனக்கு மனசு ஒப்பல்ல, ஜொஹரா" என்றார். "இனி ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போலாம். கம்பெனிக்க சலுகையாக்கும்."

ஜொஹராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறு வருடத்தில் அவள் சாப்பிட்டாளா என்று அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை. சாப்பிடாமல் இருக்கிறாள் என்பதையாவது ஒருவர் கவனித்தாரே. ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த நன்றிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். வாசலில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். குமாரதாஸ் அவள் கையில் பேரீச்சம்பழப் பெட்டியைக் கொடுத்தார், படம் எடுத்தார்கள், பிறகு பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மார்த்தாண்டம் கிளைக்கும் அதே பெட்டிதான் போக வேண்டியிருந்தது. அன்று மாலை நோம்பு திறக்கும்போது ஜொஹரா, மேலாளரின் பெயரைச் சொல்லி துவா கேட்டாள்.

சம்பளமும் ஐந்து மணி நேரத்துக்குத்தான் என்பது மாதக் கடைசியில் தெரிந்தது. ஒரு மாதம்தானே என்று, புதுத்துணி ஜுஹைனாவுக்கு மட்டும் எடுத்தாள்.

பெருநாள் கழிந்து வேலைக்கு வந்த அன்றும் இரண்டு மணிக்கு வருகைப்பதிவு மெஷின் அவள் பெயரைச் சொல்லி வெளியே போகச் சொன்னது. மேலாளர் அறைக்குப் போனாள்.

"நோம்பு முடிஞ்சு சார்."

"நோம்பு உனக்கது. சலுகை கம்பெனிக்கது. அது முடியும்னு ஆரு சொன்னா?"

"எனக்கு பழையபடி ஆறு மணி வரை வேலை வேணும் சார்."

"பாத்தியா, குடுத்ததத் திரும்ப வாங்குற பழக்கம் நம்ம கம்பெனிக்குக் கெடையாது கேட்டியா" என்றார் குமாரதாஸ், மனம் நொந்து.

ஜொஹராவுக்குப் பேரீச்சம்பழப் பெட்டி ஞாபகம் வந்தது.

பேக்கிங் மேஜைக்கு எதிர்ப்புறம் நிற்பவள் ஞானம். இனயத்துக்காரி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வேலை, ஒரே சம்பளம். ஞானத்துக்கு ஒன்பது மணி நேரம் அப்படியே இருந்தது.

"ஏட்டி, இத வெறுத விடாத" என்றாள் ஞானம். "ஒனக்க மதத்தப் பாத்துல்லா கொறச்சிருக்கானுவ. அதுக்கு ஒரு பேரு உண்டும். அந்தா சுவரில எழுதி ஒட்டியிருக்கு, போய் வாசி."

தீயணைப்புக் கருவிக்கு மேலே, 'இங்கு பாகுபாட்டுக்கு இடமில்லை. புகார்களை மாலை மூன்று முதல் ஐந்துக்குள் அளிக்கவும்' என்று ஒட்டியிருந்தது. ஜொஹராவின் வேலை இரண்டு மணியோடு முடிந்துவிடுகிறது. வேலை நேரம் முடிந்த ஊழியர் கடைக்குள் நிற்கக்கூடாது என்பது இன்னொரு விதி. காவலாளி ஸ்ரீஜித் நல்ல பையன்.

"வாடிக்கையாளரா வாருங்க இத்தா" என்றான். "ஒரு தீப்பெட்டியாவது வாங்கணும்."

ஜொஹரா தீப்பெட்டி வாங்கினாள், புகாரைப் பெட்டியில் போட்டாள். வாடிக்கையாளர் போட்டதால் அது வாடிக்கையாளர் புகாராகப் பதிவானது. மறுநாள் அவள் போனுக்குச் செய்தி வந்தது: 'உங்கள் கருத்து எங்கள் பொக்கிஷம். சலவைத்தூளுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.' அதன் கீழே எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்றும் கேட்டிருந்தது. வீட்டில் மீரா முகைதீன் கட்டிலில் படுத்தபடி, "அஞ்சு நட்சத்திரம் குடுத்துரு. நமக்குப் பிறையே கிட்டல்ல, அவனுக்கு நட்சத்திரமாவது கிட்டட்டு" என்றான். முதுகு ஒடிந்த பிறகும் அவனுக்குச் சிரிக்க முடிந்தது. ஜொஹரா அதற்காகவே படைத்தவனுக்கு நன்றி சொல்லுவாள்.

நான்காவது தீப்பெட்டியில் புகார் சரியான இடத்தைச் சென்றடைந்தது. நாகர்கோவிலிலிருந்து சமத்துவக் குழு புறப்பட்டு வந்தது.

தலைவர் ஆறுமுகப்பெருமாள், ஓய்வுபெற்ற அதிகாரி. உறுப்பினர் தன்யா மேடம், நிறுவனங்களுக்குச் சமத்துவப் பயிற்சி அளிப்பவர். செயலாளர் குமாரதாஸ்.

"புகாரே சாருக்க பேருலல்லா..." என்று தயங்கினாள் ஜொஹரா.

"அதனால்தான் அம்மா" என்றார் தலைவர். "நடந்தது என்னவென்றே தெரியாத ஒருவரையா செயலாளராகப் போட முடியும்?"

கூட்ட அறையில் பண்டிகைப் பரிசுப் பெட்டிகள் அடுக்கியிருந்ததால் விசாரணை காய்கறிக் குளிரறையில் நடந்தது. வரவேற்பில் போர்த்திய பொன்னாடைகளைக் குழுவினர் மூவரும் கழற்றவில்லை. ஜொஹராவுக்குப் பொன்னாடை இல்லை. விசாரணை என்பது வேலை அல்ல என்பதால், உள்ளே வருமுன் அவள் மெஷினில் விரல் வைத்து வேலையிலிருந்து வெளியேறிவிட்டு வந்திருந்தாள்.

தலைவர் தொடக்கவுரை ஆற்றினார்:

"முப்பத்துநாலு வருட அரசுப் பணியில் நான் ஒருவரிடமும் பாகுபாடு காட்டியது கிடையாது. ஏழை வந்தாலும் பணக்காரன் வந்தாலும், எந்தச் சாதி எந்த மதம் ஆனாலும், எல்லாரிடமும் நாளைக்கு வாருங்கள் என்றுதான் சொன்னேன். அந்தச் சமத்துவத்தைத்தான் இந்தக் குழுவுக்கும் கொண்டுவந்திருக்கிறேன்."

குமாரதாஸ் கை தட்டினார். குளிருக்கு அது நல்லதாக இருந்ததால் மற்றவர்களும் தட்டினார்கள்.

"பாகுபாடுங்கிறது ஒரு உணர்வு" என்றார் தன்யா மேடம். "எல்லாரும் கண்ணை மூடி, அதை உள்ளுக்குள்ள உணர்ந்து பாருங்க."

முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே நால்வரும் கண்ணை மூடினார்கள். ஜொஹராவின் பற்கள் மட்டும் சத்தம் போட்டன.

"யாரோடு ஒப்பிட்டு உங்களைக் குறைவாக நடத்தினார்கள்?" என்று கேட்டார் தலைவர்.

"ஞானத்தக்கா கூட சார். ஒரே மேஜையாக்கும்."

"ஞானம் நோம்பு பிடிக்கிறவரா?"

"எங்க நோம்பு இல்ல சார்."

"அப்படியானால் நீங்கள் இருவரும் ஒரே மாதிரி அல்ல. ஒரே மாதிரியானவர்களை வேறுவேறாக நடத்தினால்தான் பாகுபாடு. வேறானவர்களை வேறாக நடத்தினால் அது மரியாதை."

"நானும் இப்ப நோம்பு இல்லியே சார். முடிஞ்சுல்லா."

தலைவர் பதிவேட்டைப் புரட்டினார். "இதில் 'நோம்பு' என்று எழுதியிருக்கிறது. முடிந்தது என்று எழுதவில்லை. முடிந்ததற்குச் சான்றிதழ் கொண்டுவாருங்கள்."

அந்த அளவில் முதல் அமர்வு நிறைவுற்றது.

ஜொஹரா ஜமாஅத் அலுவலக ஜன்னலில் போய் நின்றாள். அங்கிருந்த பெரியவர் இரண்டு முறை விவரம் கேட்டார். மூன்றாவது முறை கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ரம்ஜான் முடிஞ்சதுக்கு சர்டிபிக்கேட்டா? எனக்கு எழுவது வயசு மோளே, ரம்ஜான் முடியாத வருசம் நான் கண்டதில்ல." சிரித்துக்கொண்டே, முத்திரைத் தாளில் அழகான கையெழுத்தில், இன்ன தேதியில் பிறை தென்பட்டு நோம்பு முடிந்தது என்று எழுதிக் கொடுத்தார். கட்டணம் வாங்கவில்லை. "நல்லா இரு" என்றார்.

இரண்டாம் அமர்வில் தலைவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதில் பிறையைப் பார்த்தவர் கையெழுத்து இல்லையே?"

"அன்னைக்கு இங்க மழைக்கோளு சார்" என்றார் செயலாளர் குமாரதாஸ். "நானே மாடியில ஏறி நின்னு பாத்தேன். ஒண்ணும் தெரியல."

தலைவர் குறிப்பு எழுதினார்: 'தனிநபர்கள் வேறு இடங்களில் பிறை கண்டிருக்கலாம். நிறுவனத்தைப் பொறுத்தவரை பிறை தென்படவில்லை.'

மூன்றாம் அமர்வுக்கு ஞானம் சாட்சியாக அழைக்கப்பட்டாள். மேலாளர் முந்தின நாளே அவளைக் கூப்பிட்டு, "ஒனக்க மணி ஒழுங்கா ஓடிட்டிருக்கு. கேட்டதுக்கு ஆமா இல்லன்னு மட்டும் சொல்லு" என்று அறிவுரை கூறியிருந்தார்.

"நீங்கள் நோம்பு பிடிக்கிறவர் அல்ல. ஆமாவா?" என்றார் தலைவர்.

"இல்ல" என்றாள் ஞானம்.

"இல்லையா?"

"நான் ஒருசந்தி இருப்பேன் சார். தவக்காலத்துல வெள்ளிக்கிழமை தோறும். இவ நோம்பு இருந்த அதே மாசம், இதே மேஜையில, நானும் வெறும் வயித்தோடதான் நின்னேன். எனக்கு ஒரு நிமிசம் கொறைக்கல்ல. அப்பம், பட்டினிய நெனச்சு இரக்கப்பட்டு இவளுக்க மணியக் கொறைக்கல்ல சார். இவ துலுக்கச்சின்னு பாத்துத்தான் கொறச்சது. உள்ளது இதுதான்."

தலைவர் பொன்னாடையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"ஆகப் பாகுபாடு நடந்திருக்கிறது" என்றார்.

ஜொஹரா மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

"பட்டினி கிடந்த ஞானத்துக்கு இந்த நிறுவனம் சலுகை கொடுக்கத் தவறியிருக்கிறது. இது பெரிய அநீதி."

அநீதியைக் களையும் பணி அன்றே தொடங்கியது. தன்யா மேடம் கடை முழுவதும் சுற்றி, யார் யார் எப்போது பட்டினி இருக்கிறார்கள் என்று படிவத்தில் நிரப்பினார். பில் போடும் அழகியநாயகி சஷ்டி விரதம். காய்கறி அனீஷ் புரட்டாசி சனிக்கிழமை. காவலாளி ஸ்ரீஜித் எந்த விரதமும் இருப்பதில்லை என்றான்.

"காலையில சாப்பிடாம வந்ததே இல்லையா?"

"முதல் பஸ்ஸப் பிடிக்கணும்னா சாப்பிட நேரம் கிட்டாது மேடம்."

'அடிக்கடி உண்ணாநோன்பு' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை தீர்ப்பு வாசிக்கப்பட்டது. ஜொஹரா பேகத்தின் மணிகள் குறைக்கப்பட்டது உண்மை. அவருக்கு மட்டும் குறைக்கப்பட்டதால் அது பாகுபாடு. எல்லோருக்கும் குறைக்கப்பட்டால் அது பாகுபாடு ஆகாது. எனவே நோம்புச் சலுகை இன்று முதல் எல்லா மதத்தைச் சேர்ந்த எல்லா ஊழியர்களுக்கும் ஆண்டு முழுவதும் வழங்கப்படுகிறது. மேலாளரின் பணி மணிக்கணக்கில் அடங்காதது என்பதால் அவருக்கு இந்தச் சலுகையை வழங்க இயலாததற்குக் குழு வருந்துகிறது.

குமாரதாஸ் அந்த வருத்தத்தைத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். வாசலில் புதிய பிளெக்ஸ் ஏறியது: 'பாகுபாடற்ற பணியிடம்.' அதில் ஜொஹராவின் பேரீச்சம்பழப் படமே பெரிதாக இருந்தது.

இரண்டு மணிக்கு மெஷின் எல்லோர் பெயரையும் சொல்லத் தொடங்கியது. பஸ் நிறுத்தத்தில் அழகியநாயகி ஜொஹராவைப் பார்த்து, "ஒருத்திக்கு மணி கேக்கப் போயி, ஊருக்க மணியெல்லாம் கொண்டு போயிட்டியேட்டி, நல்லா இருப்ப" என்றாள். அனீஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நிறுத்தத்துப் பெஞ்சில் இருந்த இன்னொருத்தி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், ஜொஹரா உட்காருவதற்காக அல்ல, அவள் மேல் படாமல் இருப்பதற்காக. பக்கத்தில் வந்து நின்றவள் ஞானம் மட்டும்தான்.

"என்னால ஒங்களுக்கும் போச்சே அக்கா" என்றாள் ஜொஹரா.

"ஒனக்காவ ஆரு சொன்னா? பெரிய ஆளு!" ஞானம் எரிந்து விழுந்தாள். "கேட்டாவ, உள்ளதச் சொன்னேன். ஒருசந்தி இருந்த வாயி கள்ளம் பறஞ்சா பின்ன எதுக்கு ஒருசந்தி? போட்டி, போயி சீட்டப் பிடி."

இப்படிக் கடனே இல்லை என்று சொல்பவர்களிடம்தான் பெரிய கடன் சேர்ந்துவிடுகிறது.

இரண்டு வாரம் கழித்து, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஞானம் போனில் பேசியது ஜொஹராவின் காதில் விழுந்தது. "மோளே ரெனிஷா, கடைசி வருசம்னு எனக்குத் தெரியாதா? நர்சு படிப்பு எங்கயும் ஓடிராது. ஒரு வருசம் வீட்டில இரி. மம்மி எப்படியாவது..." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். ஜொஹரா பார்ப்பதைப் பார்த்து, "மொளவுப் பொடி கண்ணுல பட்டுப் போச்சு" என்றாள். அன்று அவர்கள் அடைத்துக்கொண்டிருந்தது பாசிப்பயறு.

மணிகள் குறைந்ததும் பாக்கெட்டுகளும் குறைந்தன. பருப்பு அலமாரி பாதி காலியானது. மேலும், தலைமை அலுவலகம் ஒரு சமத்துவ விருதுக்கு விண்ணப்பித்திருந்தது. அதற்கு ஒரு வெற்றிக்கதை தேவைப்பட்டது. ஆகவே கருங்கல் கிளை பேக்கிங் பிரிவில், ஒன்பது மணி நேரம் வேலை பார்க்கும் 'சமத்துவத் தூதர்' என்ற ஒரே ஒரு இடம் உருவாக்கப்பட்டது. பெயரைப் பார்த்தால் மதம் தெரிந்துவிடும், மதம் தெரிந்தால் பாகுபாடு வந்துவிடும் என்பதால், விண்ணப்பத்தில் பெயர் எழுதக்கூடாது, கையெழுத்துப் போடக்கூடாது, ஊழியர் எண் மட்டும்தான் என்று தன்யா மேடம் ஏற்பாடு செய்திருந்தார். விண்ணப்பம் போடும் பெட்டியை நாகர்கோவிலில்தான் திறப்பார்கள். எண்ணைக் கணினி படித்து ஆணை பிறப்பிக்கும். அதை யாரும் மாற்றக்கூடாது.

குமாரதாஸ் ஜொஹராவை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"எல்லாருக்கும் சம வாய்ப்பு. அதனால ஒரே ஒரு ஃபாரந்தான் அனுப்பியிருக்காவ" என்று அதை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒனக்குத் தரணும்னு நானாக்கும் சொன்னேன். நம்பர எழுதிப் பெட்டியில போடு. திங்கக்கிழமையில இருந்து பழையபடி ஆறு மணி. படம் எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் சிரிச்சிரு. இனிமே புகாரு கிகாருன்னு வராத."

"சரி சார்" என்றாள் ஜொஹரா. ஃபாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை முழுக்க அது பைக்குள் கிடந்தது. அவள் கேட்டது இதைத்தான். நான்கு தீப்பெட்டியும், மூன்று நாள் குளிரும், ஊர்ப் பகையும் இந்த நாலு மணி நேரத்துக்காகத்தான். இது இல்லையென்றால் இறால் ஷெட்தான், வேறு போக்கிடம் இல்லை. முந்தின வாரமே அங்கே போய் ஆள் வேண்டுமா என்று விசாரித்திருந்தாள். மூன்று மணிக்கு வந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். எதிரே ஞானம் தலையை நிமிர்த்தாமல் பாக்கெட்டுகளுக்குச் சூடு வைத்துக்கொண்டிருந்தாள். ரெனிஷாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏட்டி, எடை கூடுது பாரு, கம்பெனி முதலாளிக்கு நெஞ்சு வலி வந்திரும்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

இரண்டு மணிக்கு மெஷின் எல்லோரையும் அனுப்பியது. ஜொஹரா செருப்புத் தேடுகிற பாவனையில் பின்தங்கினாள். ஸ்டோர் ரூமுக்குப் போகிற படிக்கட்டின் அடியில் பெட்டி இருந்தது. பக்கத்துச் சுவரில் ஊழியர்களின் பெயரும் எண்ணும் உள்ள பட்டியல். அங்கே மேலாளர் இல்லை, ஸ்ரீஜித் இல்லை, ஞானமும் இல்லை. மேலே இருந்த கேமராகூடப் பருப்பு மூட்டைகளின் பக்கம்தான் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

ஃபாரத்தை விரித்தாள். 'கீழ்க்கண்ட எண்ணுடைய ஊழியர் முழுநேரப் பணிக்குத் தகுதியானவர்' என்று ஒரே ஒரு வரி. தன் விரல்களை ஒரு தடவை பார்த்தாள். பழைய சீழின் தழும்புகள் வெள்ளையாக ஆறியிருந்தன. பிறகு பட்டியலில் விரல் வைத்துத் தேடி, தன் பெயரைத் தாண்டி, அடுத்த வரியில் நிறுத்தினாள்.

பிஸ்மில்லாஹ் சொல்லி, 213 என்று எழுதினாள். ஞானத்தின் எண் அதுதானா என்று மறுபடியும் சரிபார்த்தாள். எழுதியதை முழுக்க ஒரு முறை வாசித்தாள். அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை.

மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மூன்று மணிக்குள் ஊர் போய்ச் சேரும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.